பதினாறு பக்கத்தில் ஒரு மீன்

சிறுவர் கதைப் புத்தகம் எழுதுவது சுலபம் என்று என் முகத்துக்கு நேரே சொன்னவர்கள் இதுவரை ஏழு பேர். இருவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர்கள், ஒருவர் மருந்துக்கடைக்காரர், ஒருவர் என் மைத்துனர். மற்ற மூவரும் எந்தப் புத்தகத்தையும் கையால் தொடாதவர்கள். ஏழு பேருக்கும் நான் ஒரே பதிலைத்தான் சொன்னேன்: பத்தொன்பது சொற்களை வைத்துக்கொண்டு ஒரு கதை சொல்லுங்கள் பார்ப்போம். ஒருவரும் சொல்லவில்லை. மைத்துனர் மட்டும் தொடங்கினார். மூன்றாவது வசனத்திலேயே இருபத்திரண்டு சொல்லாகிவிட்டது என்று நான் நிறுத்தினேன். அன்றிலிருந்து அவர் என்னோடு அளவாகத்தான் பேசுகிறார்.

நான் முசலிப் பக்கத்திலும் பிறகு மன்னார்த் தீவுக்குள்ளும் முப்பத்தாறு வருடம் கணிதம் படிப்பித்தவன். கணக்குத் தெரிந்த பிள்ளை, கேள்வியை வாசிக்கத் தெரியாத காரணத்தால் சுழியம் வாங்குவதை ஒவ்வொரு தவணையும் பார்த்தேன். கேள்வியை நான் வாசித்துக் காட்டினால் விடை உடனே வரும். தானாக வாசி என்றால் பேனையைக் கடித்துக்கொண்டு இருக்கும். அந்த எரிச்சலில்தான் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை எழுதத் தொடங்கினேன். எழுபத்து மூன்று வயதுக்குள் பத்துக் கையெழுத்துப் பிரதிகள் எழுதிவிட்டேன். ஒன்றுகூட அச்சாகவில்லை. இரண்டு இடம்பெயர்வில் தொலைந்தன. எட்டு அலுமாரியில் இருந்தன.

பதினோராவதுக்குத்தான் வழி பிறந்தது. சண்டை முடிந்து, சனம் திரும்பி வந்து, பள்ளிக்கூடங்களுக்குப் புதுக் கூரை போட்டுக்கொண்டிருந்த காலம். கொழும்பிலிருந்து ஒரு நிறுவனம், வாசிக்கப் பழகும் பிள்ளைகளுக்குத் தமிழில் நான்கு புத்தகங்கள் அச்சிடப்போவதாக அறிவித்தது. நான்கே நான்கு. நான் அனுப்பியது அவர்களுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் ஒரு நிபந்தனை: தரம் இரண்டில் படிக்கும் இருபது பிள்ளைகளிடம் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்க வைக்க வேண்டும். ஒரு பிள்ளை நூற்றுக்குத் தொண்ணூறு சொல் சரியாக வாசித்தால் தேறியது. இருபதில் பதினைந்து பிள்ளைகள் தேறினால் புத்தகம் அச்சுக்குப் போகும். முதல் தடவை தவறினால் இன்னொரு தடவை. அதிலும் தவறினால் அந்த இடம் வேறு ஒருவருக்கு. எழுபத்து மூன்று வயதில் இன்னொரு நிறுவனம் வரும் என்று நான் காத்திருக்க முடியாது.

விதிகளைச் சொல்ல வேண்டும். பதினாறு பக்கம். பக்கத்துக்கு ஆறு சொல்லுக்கு மேல் கூடாது. முக்கியமான சொல் குறைந்தது பத்துத் தரம் வரவேண்டும், ஒரே உருவத்தில் வரவேண்டும். 'மீன்' என்று ஒரு பக்கத்தில் போட்டு அடுத்த பக்கத்தில் 'மீனை' என்று போட்டால் அது இரண்டு சொல்லாகிவிடும். ஆகவே என் கதையில் பூனை மீனைத் தின்ன முடியாது, மீனைப் பார்க்கக்கூட முடியாது. தேட மட்டும்தான் முடியும். 'மீன் எங்கே? மீன் கதிரையில் இல்லை. மீன் பெட்டியில் இல்லை.' இப்படியே போய்க் கடைசிப் பக்கத்தில் 'மீன் சட்டியில்.' மொத்தம் எண்பத்து நான்கு சொல். வெவ்வேறு சொல் பத்தொன்பது. 'மீன்' மட்டும் பதினான்கு தரம். இதை இந்த அளவுக்குக் கொண்டுவர எனக்கு ஐந்து மாதம் பிடித்தது.

மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவர் சட்டி கழுவிக்கொண்டிருந்தார்.

"மீனை ஆர் கொண்டுபோய்க் கதிரையில வைக்கிறது?" என்றார்.

"பூனை தேடுது. பூனைக்குத் தெரியாதுதானே."

"பூனைக்குத்தான் முதல் தெரியும். மூக்கு இருக்கெல்லோ. சட்டிக்குள்ள கிடக்குமெண்டு எனக்கே முதல் பக்கத்தில விளங்கிப்போச்சு."

"உமக்கு அறுபத்தெட்டு வயது. இது ஏழு வயதுப் பிள்ளையளுக்கு."

"அதுகளுக்கு என்னைவிடக் கெதியா விளங்கும்" என்றுவிட்டு அடுத்த சட்டியை எடுத்தார்.

படங்களைக் கொழும்பில் ஒரு ஓவியர் கீறினார். நல்ல கைத்திறமை உள்ளவர். பூனை தேடும் மீன் பூனையின் நினைவில் வருவதுபோல, பன்னிரண்டு பக்கங்களின் மூலையில் அந்த மீனைக் கீறியிருந்தார். சந்தைக்குப் போய்ப் பார்த்துக் கீறியதாகச் சொன்னார்கள். செட்டையில் மஞ்சள், வால் கவர்விட்டு, செதில்கூட ஒவ்வொன்றாகத் தெரிந்தது. எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அதுதான் நான் செய்த பிழை.

சோதனையைப் பேசாலைப் பள்ளிக்கூடம் ஒன்றில் வைத்தோம். மன்னாரிலிருந்து பஸ்ஸில் போனேன். தாராபுரம் தாண்டுவதற்குள் பஸ் ஒன்பது இடத்தில் நின்றது. தரம் இரண்டு ஆசிரியை அந்த ஊர்க்காரர், சுறுசுறுப்பானவர். ஒரு சின்ன அறையில் மேசை போட்டு, பிள்ளைகளை ஒவ்வொருவராக அனுப்பினார். என் கையில் பிள்ளைக்கு ஒரு படிவம். அதில் எண்பத்து நான்கு சொல்லும் வரிசையாக அச்சிட்டு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இரண்டு கட்டம். சரி, பிழை. மூன்றாவது கட்டம் இல்லை.

முதல் வந்தவன் முன்பல் இரண்டு விழுந்த ஒரு பையன். முதல் பக்கத்தில் 'இது பூனை' என்று சரியாக வாசித்தான். இரண்டாம் பக்கத்தைத் திருப்பினான். 'மீன் எங்கே?' என்று பெரிய எழுத்தில் இருந்தது.

மூலையில் கீறியிருந்த மீனைப் பார்த்துவிட்டு, "பாரை எங்கே?" என்றான்.

பிழைக் கட்டத்தில் அடையாளம் போட்டேன். அவன் நிற்கவில்லை. "பாரை கதிரையில் இல்லை. பாரை பெட்டியில் இல்லை." கதிரை சரி, பெட்டி சரி, இல்லை என்பதும் சரி. பாரை மட்டும் பதினான்கு தரம். எண்பத்து நான்கில் பதினான்கு போனால் எழுபது. நூற்றுக்கு எண்பத்து மூன்று. தேற எழுபத்தாறு வேண்டும். மற்ற எல்லாவற்றையும் ஒரு பிழையில்லாமல் வாசித்தாலும் அந்த ஒரு சொல்லால் எந்தப் பிள்ளையும் தேறாது என்று எனக்கு அப்போதே கணக்குத் தெரிந்துவிட்டது.

இரண்டாவது பிள்ளை பாரை. மூன்றாவது பாரை. நான்காவது பிள்ளை படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "விளைமீன் எங்கே?" என்றது. இங்கே நான் பேனையைத் தூக்கியபடி இருந்தேன். கேட்டது மீன். சொன்னது விளைமீன். கேட்டது சொன்னதற்குள் இருக்கிறது. இதைச் சரி என்பதா, பிழை என்பதா? அரைப் புள்ளிக்குக் கட்டம் இல்லை. பிழை போட்டேன்.

ஆசிரியை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "சேர், பாரையும் மீன்தானே. சரியெண்டு போட்டுவிடுங்கோ."

"எழுத்தில பாரை இல்லை டீச்சர்."

"எழுத்தில இல்லாட்டி என்ன, படத்தில இருக்குது. இஞ்ச ஒரு பிள்ளையும் பாரையைப் பார்த்து மீனெண்டு சொல்லாது. வள்ளம் வந்தால் தாய்மாரோட இருந்து பிரிக்கிற பிள்ளையள். சூடை ஒரு பக்கம், பாரை ஒரு பக்கம். எல்லாத்தையும் மீன் மீனெண்டு சொன்னால் அடிதான் விழும்."

"அப்ப இவை வாசிக்கினமோ, படத்தைப் பார்த்துச் சொல்லுகினமோ? அதை எனக்குச் சொல்லுங்கோ."

அவர் அடுத்த பிள்ளையை உள்ளே அனுப்பினார். எனக்கே அது தெரியவில்லை. முழுச் சோதனையும் அதைக் கண்டுபிடிக்கத்தான் வைத்தது.

பதினோராவதாக ஒரு பெண்பிள்ளை வந்தாள். இரட்டைப் பின்னல், முழங்காலில் பிளாஸ்டர். அவளும் பாரை என்று தொடங்கினாள். நான் பொறுக்க முடியாமல் விதியை மீறி, "அந்தச் சொல்லை வடிவாப் பார் பிள்ளை. என்ன எழுதியிருக்கு?" என்றேன்.

"மீன்" என்றாள்.

"அப்ப ஏன் பாரை எண்டனீர்?"

"மீன் எண்டுதான் எழுதியிருக்கு சேர். ஆனா இது பாரை."

"எழுதியிருக்கிறதைத்தானே வாசிக்க வேணும்?"

அவள் என்னைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தாள். "எழுதின ஆளுக்குத் தெரியாது போல" என்றாள்.

எழுதிய ஆள் எதிரே இருந்தான். அவளுக்கும் பிழை போட்டேன். நான் உதவிய பிறகு வாசித்ததை எண்ணக்கூடாது என்று படிவத்தின் அடியில் கொட்டை எழுத்தில் இருந்தது. அவள் வாசிக்கத் தெரிந்த பிள்ளை என்று எனக்குத் தெரியும். படிவத்துக்குத் தெரியாது.

கடைசியில் கூட்டிப் பார்த்தேன். பாரை என்றவர்கள் ஒன்பது. விளைமீன் என்றவர்கள் நான்கு. ஒருவன் மட்டும் கட்டா என்றான், அவனைப் பார்த்து மற்றவர்கள் ஜன்னலில் நின்று சிரித்தார்கள். 'மீன்' என்று வாசித்துத் தேறியவர்கள் ஆறு. அதில் இருவர் ஆசிரியர்களின் பிள்ளைகள், இருவர் ஆஸ்பத்திரி ஊழியர் விடுதியில் இருப்பவர்கள், ஒருவன் பஸ் சாரதியின் மகன். ஆறாவது பிள்ளை ஏன் தேறியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வேண்டியது பதினைந்து. கிடைத்தது ஆறு.

படலையில் ஒரு தகப்பன் பிள்ளையைக் கூட்டிப்போக வந்து நின்றார். சைக்கிளில் வலைச் சுருள். என் கையில் இருந்த புத்தகத்தை வாங்கி, தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது பாரை இல்லை சேர்" என்றார்.

எனக்கு ஒரு கணம் ஆறுதலாக இருந்தது.

"பாரைக்கு வாலடியில முள்ளு மாதிரிக் கரடு இருக்கும். இதுக்கு அது இல்லை. இது விளை. ஆனா விளைக்கு இப்பிடி மஞ்சள் வராது. கீறின ஆள் ரெண்டையும் கலந்துபோட்டார்." புத்தகத்தைத் திருப்பித் தந்தார். "கேட்டிருந்தா நாங்க சொல்லியிருப்பமே."

அன்று பஸ்ஸில் வரும்போது எத்தனை இடத்தில் நின்றது என்று நான் எண்ணவில்லை.

இரவு சாப்பிட முன்பே கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தேன். நிறுவனத்தில் இந்தப் புத்தகத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் யாழ்ப்பாணத்துப் பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். பொறுமையாகப் பேசுவார், அந்தப் பொறுமையே எனக்கு எரிச்சலாக இருக்கும்.

"அந்தப் பிள்ளையளுக்கு மீனெண்ட சொல்லுத் தெரியாதோ சேர்?"

"தெரியும் பிள்ளை. சொல்லமாட்டினம்."

"அப்ப பாரை எண்டு மாத்திவிடுவமோ?"

"பாரை எண்டு மாத்தினால் நாலு பேர் விளையெண்டு சண்டைக்கு வருவினம். அதோட மலையகத்துப் பிள்ளை பாரையை எங்க கண்டுது? புத்தகம் எல்லா இடத்துக்கும் போகுதெல்லோ."

"அப்ப மீனை எடுத்துப்போட்டுக் கோழி எண்டு போடுவம்."

"கோழி ஏன் சட்டிக்குள்ள போகுது எண்டு பிள்ளையள் அழுவினம். ஐஞ்சு மாதம் எடுத்தனான் பிள்ளை, எண்பத்து நாலு சொல்லுக்கு."

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "சேர், படம்தானே பிரச்சினை. எல்லாருக்கும் பொதுவான மீன் ஒண்டு கீறச் சொல்லுறன்" என்றார்.

"பொதுவான மீனெண்டு ஒண்டு கடலில இல்லை."

"கடலில இல்லாட்டிப் பரவாயில்லை சேர். புத்தகத்திலதானே."

மூன்று வாரத்தில் பொதுவான மீன் வந்து சேர்ந்தது. நான் அதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தேன். செம்மஞ்சள் நிறம். பந்துபோல உருண்டை. வட்டக் கண், அதற்கு மேல் மூன்று இமை மயிர். மீனுக்கு இமை இல்லை. வாய் சிரித்துக்கொண்டிருந்தது. முதுகில் மூன்று செட்டை, வயிற்றில் ஒன்றும் இல்லை. வால், காதலர் அட்டையில் வரும் இதயத்தின் வடிவம். பன்னிரண்டு பக்கத்திலும் அதே சிரிப்பு. நான் ஒரு கடிதம் எழுதினேன், நான்கு பக்கம், இருபத்து மூன்று குறைகளை இலக்கமிட்டு. அனுப்பவில்லை. இரண்டாவது சோதனைக்கு நாள் குறித்தாகிவிட்டது. மறுபடி கீறச் சொன்னால் அந்த நாளும் போகும், புத்தகமும் போகும்.

சோதனைக்கு அதே பள்ளிக்கூடம், ஆனால் முதல் தடவை வாசிக்காத தரம் இரண்டுப் பிள்ளைகள் என்பது விதி. நான் உள்ளே நுழையும்போது விளையாட்டு இடைவேளை. முற்றத்தில் ஒரு கூட்டம் ஓடிப்பிடித்து விளையாடுகிறது. ஒரு பக்கம், "பாரை எங்கே?" என்று கத்த, மறுபக்கம், "பாரை கதிரையில் இல்லை!" என்று கத்துகிறது. "பாரை பெட்டியில் இல்லை!" கடைசியில் பிடிபட்டவனைச் சுற்றி, "பாரை சட்டியில்!" முழுக் கதையும் பாடமாகிவிட்டது. புத்தகத்தைக் காணாத பிள்ளைகளுக்கும் பாடம்.

"நல்லாத்தானே இருக்குது சேர்" என்றார் ஆசிரியை.

"நல்லா இருக்குது டீச்சர். என்ர புத்தகம் முடிஞ்சுது" என்றேன்.

உண்மையாகவே முடிந்தது என்றுதான் நினைத்தேன். இந்தப் பிள்ளைகள் புத்தகத்தைத் திறக்காமலே பாரை, பாரை என்று பதினான்கு தரம் சொல்லிவிட்டுப் போவார்கள். எழுபது. எண்பத்து மூன்று வீதம். நான் மேசையில் இருந்து, இருபது படிவத்தையும் அடுக்கி, மறுபடி அடுக்கினேன்.

முதல் பிள்ளை வந்தாள், குள்ளமான, குரல் பெரிய ஒருத்தி. உட்காரும்போதே, "பாரை எங்கே கதைதானே சேர்?" என்றாள். புத்தகத்தை நகர்த்தினேன். 'இது பூனை' என்றாள். பக்கத்தைத் திருப்பினாள். வாயைத் திறந்தாள். மூடினாள்.

படத்தைப் பார்த்தாள். புத்தகத்தைச் சரித்துப் பார்த்தாள்.

"சேர், இது என்ன?"

நான் பதில் சொல்லக்கூடாது. மேசையைப் பார்த்தேன்.

"பாரை இல்லை" என்று தனக்குள் சொன்னாள். "விளையும் இல்லை. பேத்தையோ? பேத்தைக்கு இந்த வால் இல்லை." வேறு வழியில்லாமல் அவளுடைய விரல் படத்தை விட்டுக் கீழே இறங்கி எழுத்துக்கு வந்தது. "மீ..." என்றாள். "மீ... ன். மீன்." மறுபடி படத்தைப் பார்த்தாள். "மீனோ? இதுவோ?"

ஜன்னலில் நின்ற கூட்டம் வெடித்துச் சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பக்கத்துக்குப் பக்கம் விரலை எழுத்தில் வைத்து, "மீன் எங்கே? மீன் கதிரையில் இல்லை" என்று வாசித்தாள். எண்பத்து நான்கில் எண்பத்திரண்டு.

இரண்டாவது பிள்ளையும் படத்தைப் பார்த்துத் திகைத்து எழுத்துக்குப் போனது. மூன்றாவதும் அப்படியே. படம் ஒன்றும் சொல்லித் தராததால் எழுத்தைக் கேட்க வேண்டியதாயிற்று. இருபதில் பதினேழு பிள்ளைகள் தேறினார்கள். மற்ற மூவருக்கும் உண்மையாகவே எழுத்துத் தெரியாது. அது ஆசிரியைக்கும் அன்றுதான் தெரிந்தது. அவர்களை மறுநாளிலிருந்து தனியாக இருத்திப் படிப்பிக்கத் தொடங்கினார். முதல் சோதனையில் இப்படி எத்தனை பேர் பாரைக்குப் பின்னால் ஒளிந்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. பிறகு அவர்களையும் போய்ப் பார்க்கும்படி ஆசிரியையிடம் மூன்று தரம் சொன்னேன். நான்காவது தரம் அவர், "பார்த்திட்டன் சேர்" என்றார்.

ஐந்து மாதம் நான் எண்ணி எண்ணி வைத்த சொற்கள் செய்யாததை, நான் இருபத்து மூன்று குறை கண்ட அந்த உருண்டை செய்துவிட்டது. எனக்கு மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் எரிச்சலோடு சேர்ந்து வந்தது.

இன்னும் முடியவில்லை. அச்சுக்குப் போகுமுன் எழுத்தாளர் ஒப்பமிட வேண்டிய படிவம் ஒன்று தபாலில் வந்தது. ஐந்து கேள்வி. நான்காவது: 'படங்கள் உண்மையான பொருட்களைச் சரியாகக் காட்டுகின்றனவா?' ஆம், இல்லை. 'இல்லை' என்றால் படம் ஓவியருக்குத் திரும்பிப் போகும். படம் மாறினால் புதுச் சோதனை. மூன்றாவது சோதனை கிடையாது.

முப்பத்தாறு வருடம் வரவுப் பதிவேடு எழுதியவன் நான். வராத பிள்ளைக்கு வந்ததாக ஒருநாளும் போட்டதில்லை. பரிசோதகர் வரும் நாளில்கூடப் போட்டதில்லை. அந்தப் படிவம் மூன்று நாள் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. ஒருமுறை 'இல்லை'யில் பேனையை வைத்தேன், புள்ளி ஒன்று விழுந்தது, எடுத்துவிட்டேன்.

"ஒரு கோடு போடுறதுக்கு மூண்டு நாளோ?" என்றார் மனைவி.

"பொய்க் கோடு."

"இஞ்சருங்கோ, அந்தப் படத்தைக் கண்டுதானே பிள்ளையள் வாசிச்சதுகள்?"

"படம் பிழையான படியால்தான் வாசிச்சதுகள்."

"அப்ப பிழையாவே இருக்கட்டும்" என்றார். படிவத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, மேசையைத் துடைக்கத் துணி எடுத்தார். துணி வருமுன் 'ஆம்' என்பதில் அடையாளம் போட்டேன். என் வாழ்க்கையில் அறிந்துகொண்டு போட்ட பொய் அடையாளம் அது ஒன்றுதான். ஒன்று என்று நிச்சயமாகச் சொல்வேன்.

புத்தகம் வந்து எட்டு மாதத்துக்குப் பிறகு மன்னார்ச் சந்தையில் மீன் வாங்கப் போனேன். நான் வழக்கமாக வாங்கும் மீன்கார அம்மா, பேசாலையிலிருந்து வந்து விற்பவர், என்னைக் கண்டதும் கத்தியைக் கீழே வைத்தார்.

"சேர், பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில உங்கட புத்தகம் குடுத்தவை. அந்த மீன் எந்தக் கடலில பிடிச்சது?" பக்கத்துக் கடைக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். "சொன்னால் என்ர மனுசனையும் அங்க அனுப்பலாம். கண்ணுக்கு மை போட்ட மீன் நல்ல விலைக்குப் போகும்."

எல்லாரும் சிரித்து முடியும்வரை நின்றேன். "பேத்தி வாசிக்கிறாளோ?" என்று கேட்டேன்.

"வாசிக்கிறாள், வாசிக்கிறாள். விடிஞ்சாப் பொழுதுபட்டா அதுதான். ஆனா அந்தப் படத்தை ஒரு கையால பொத்திப்போட்டுத்தான் வாசிக்கிறாள். பார்க்கச் சிரிப்பு வருதாம், எழுத்துப் பிசகிப்போகுதாம்."

நான் அரைக்கிலோ சூடை வாங்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தேன். பன்னிரண்டு பக்கம். ஒரு முறை வாசிக்க அந்தப் பிள்ளை பன்னிரண்டு தரம் கையை எடுத்து எடுத்து வைக்க வேண்டும்.